பேரி சாண்டர்ஸ் ஏன் 1,457 யார்டு பாக்கி வைத்துவிட்டுப் போனார்?

கேள்வி இது: டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ரன்னிங் பேக் பேரி சாண்டர்ஸ், அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வரலாற்றிலேயே அதிக தூரம் ஓடியவர் என்ற சாதனைக்கு வெறும் 1,457 யார்டு மிச்சம் இருந்தபோது, 1999இல் 31 வயதில் ஏன் திடீரென்று விலகினார்? உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. அப்படியானால் பணத் தகராறா, பயமா, கோபமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாதனை நமக்குப் பெரிதாகத் தெரிந்த அளவுக்கு அவருக்கு என்றைக்குமே பெரிதாக இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஆடிய கடைசி ஆட்டத்திலிருந்தே அதற்குச் சாட்சி இருக்கிறது. அவர் ஆசைப்பட்டது ஜெயிக்கிற ஓர் அணியில் ஆடுவதற்கு. டெட்ராய்ட்டில் அது நடக்காது என்று மனதுக்குத் தெளிவானதும் கிளம்பிவிட்டார். பணமும் பயிற்சியாளரும் இதில் வருகிறார்கள், ஆனால் இரண்டாம் இடத்தில்தான்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்டு (சுமார் ஒன்பது மீட்டர்) முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். குவார்ட்டர்பேக் பந்தை எறியலாம், அல்லது பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுக்கலாம். கையில் வாங்கியவர், நூறு கிலோவுக்கும் நூற்றைம்பது கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள ஆட்கள் மோதிக்கொண்டிருக்கும் நெரிசலுக்குள் புகுந்து ஓட வேண்டும். ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக நான்கு யார்டு எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். பெரும்பாலான ஓட்டங்கள், யாராவது அவரை இழுத்துத் தரையில் தள்ளித்தான் முடியும். வருஷத்துக்கு முந்நூறு தடவை அப்படி விழ வேண்டும். அதனால்தான் இந்த இடத்தில் ஆடுகிறவர்களின் தொழில் வாழ்க்கை மற்ற எந்த இடத்தைவிடவும் சீக்கிரம் முடிகிறது. பெரும்பாலோர் முப்பது வயதைக் களத்தில் பார்ப்பதே இல்லை.

சாண்டர்ஸ் பிறந்தது 1968 ஜூலை 16, கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில். அப்பா வில்லியம் சாண்டர்ஸ் கூரை வேலையும் தச்சு வேலையும் பார்த்தவர். பதினொரு பிள்ளைகள். கோடையில் பையன்களும் அப்பாவோடு கூரை மேல் ஏறி வேலை செய்தார்கள். அப்பாவுக்கு ஃபுட்பால் என்றால் உயிர், ஆனால் மகனைப் புகழும் வழக்கம் இல்லை. உலகிலேயே சிறந்த ரன்னிங் பேக் ஜிம் பிரவுன்தான் என்பது அவருடைய தீர்ப்பு. மகன் புகழின் உச்சிக்குப் போன பிறகும் அந்தத் தீர்ப்பை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு அளவுகோலோடு வளர்ந்த பையனுக்கு வெளியார் கொடுக்கும் பட்டங்கள் லேசாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

பள்ளியில் அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து அடி எட்டு அங்குல உயரம். விச்சிட்டா நார்த் பள்ளியில் கடைசி வருஷத்தின் நான்காவது ஆட்டத்தில்தான் அவருக்கு ரன்னிங் பேக் இடம் கிடைத்தது. மீதமிருந்த ஏழு ஆட்டங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான யார்டு ஓடினார். கடைசி ஆட்டத்தின்போது, நகரத்திலேயே அதிக தூரம் ஓடியவர் என்ற பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் சில தடவை பந்தை வாங்கினால் போதும். ஆட்டம் ஏற்கெனவே வசமாகிவிட்டது, மற்ற பையன்களும் ஆடட்டும் என்று சொல்லி வெளியே உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 17 வயது. விடை தேடுகிறவர்கள் 1999ஐயே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் இந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

உயரக் குறைவைப் பார்த்துப் பெரும்பாலான கல்லூரிகள் ஒதுங்கின. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. அங்கே முதல் இரண்டு வருஷம் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆள். தாமஸ் பின்னாளில் பஃபலோ பில்ஸ் அணியில் பெரிய நட்சத்திரமானவர். அவர் போன பிறகு 1988இல் சாண்டர்ஸ் ஆடிய ஆட்டத்துக்கு நிகராக இன்றுவரை கல்லூரி அளவில் ஒன்றும் இல்லை என்றே சொல்வேன். 11 ஆட்டங்களில் 2,628 யார்டு, ஓடியே 37 டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டியது 37 தடவை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 238.9 யார்டு. அதற்குப் பிறகு வந்த, சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான ஹாலிடே பவுலில் இன்னும் 222 யார்டு எடுத்தார், ஆனால் அந்தக் காலத்தில் பவுல் ஆட்டக் கணக்கைச் சாதனைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்கு என்று அறிவிக்கப்பட்டபோது அவர் நியூயார்க் விழாவில் இல்லை. அணியோடு டோக்கியோவில் இருந்தார், டெக்சஸ் டெக் அணியோடு ஆட. அந்த ஆட்டத்தில் 332 யார்டு ஓடினார்.

கல்லூரியின் ஃபுட்பால் அணி விதிமீறல்களுக்காகத் தண்டனைக்குள்ளான நேரம் அது. இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தும், சிறப்பு அனுமதியோடு தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் 1989 தேர்வில் முதல் இடம் ட்ராய் எய்க்மன், டல்லாஸுக்கு. இரண்டாவது, கிரீன் பே பேக்கர்ஸ் எடுத்த டோனி மாண்டரிச் என்ற மலை போன்ற லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுப்பவர். மூன்றாவதாக டெட்ராய்ட் சாண்டர்ஸை எடுத்தது. நான்காவது டெரிக் தாமஸ், ஐந்தாவது டீயான் சாண்டர்ஸ். இந்த ஐந்து பேரில் மாண்டரிச் தவிர மற்ற நால்வரும் பின்னர், ஆட்டத்தின் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார்கள். கிரீன் பே ரசிகர்களிடம் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

முதல் வருஷமே 1,470 யார்டு. கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை லயன்ஸ் வசமாக அடக்கியிருந்தது. அந்த ஆண்டின் ஓட்டப் பட்டம் கான்சஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒக்கோயேயிடம் போகவிருந்தது, வெறும் 10 யார்டு வித்தியாசத்தில். பயிற்சியாளர் வேய்ன் ஃபான்ட்ஸ் இதைச் சொல்லி, உள்ளே போகிறாயா என்று கேட்டார். சாண்டர்ஸுக்கு 10 யார்டு என்பது ஒரே ஓட்டம். வேண்டாம், ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று மறுத்துவிட்டார். பள்ளியில் செய்த அதே காரியம், இந்த முறை நாடே பார்க்க. புதிய ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட பட்டங்களுக்கு ஊக்கத்தொகை இருப்பதும் சகஜம். அப்படியும் அவர் உள்ளே போகவில்லை.

சரி, அவர் ஓடுவது எப்படி இருக்கும்? சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், ஆனாலும் முயல்கிறேன். வழக்கமான ரன்னிங் பேக், லைன்மேன்கள் திறந்துவிடும் இடைவெளியை நோக்கி நேராகப் போவார். சாண்டர்ஸ் அங்கே போவார், இடைவெளி அடைபட்டிருக்கும். உடனே இரண்டு காலையும் ஒருசேர ஊன்றி, முழு வேகத்திலேயே பக்கவாட்டில் ஒன்றரை யார்டு தாவுவார். பிடிக்க வந்தவன் வெற்றிடத்தைக் கட்டிக்கொண்டு விழுவான். அப்புறம் பின்னால் திரும்பி ஓடுவார், களத்தின் மறுபக்கத்துக்குப் போவார், அங்கிருந்து முன்னேறுவார். 92 கிலோ எடை, அதில் பெரும்பங்கு தொடைகளில். குள்ளமாக இருந்ததால் உடலின் எடை தாழ்வாக நின்றது, தள்ளினாலும் சாயவில்லை. 1994இல் நியூ இங்கிலாந்து அணியோடு நடந்த ஆட்டத்தில் ஹார்லன் பார்னெட் என்ற தற்காப்பு வீரர் அவருக்கு எதிரே நின்று, இடமா வலமா என்று தெரியாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டார். சாண்டர்ஸ் அவரைத் தாண்டி 39 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். பார்னெட் ஒன்றும் மோசமான ஆட்டக்காரர் அல்ல.

இந்தப் பாணிக்கு ஒரு விலை உண்டு. பின்னால் ஓடிச் சுற்றி வருகிறவர் சில சமயம் பின்னாலேயே பிடிபடுவார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அப்படி இழந்த தூரம் மட்டும் ஆயிரம் யார்டைத் தாண்டும். அதனால் எல்லைக்கோட்டுக்கு ஒன்றிரண்டு யார்டு முன்னால் வந்ததும் பயிற்சியாளர்கள் அவரை வெளியே எடுத்துவிட்டுக் கனமான வேறு ஆளை அனுப்பியதும் உண்டு. ஓடி எடுத்த டச்டவுன்களில் அவருடைய மொத்தம் 99, டல்லாஸின் ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித்துக்கு 164. இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு இதனால் வந்தது. முக்கால்வாசி தூரத்தைத் தானே ஓடிக் கொண்டுவந்துவிட்டு, கடைசி இரண்டு யார்டுக்கு ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்ததைப் பற்றி அவர் புகார் சொன்னதில்லை. டச்டவுன் எடுத்தாலும் ஆட்டம் பாட்டம் கிடையாது. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வந்ததற்கு அந்த ஒரு பழக்கமே பெரிய காரணம்.

இனி அணியைப் பற்றி. கேள்விக்கான விடையின் கனமான பாதி இங்கேதான் இருக்கிறது. டெட்ராய்ட் லயன்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957இல். ஃபோர்டு மோட்டார் குடும்பத்தின் வில்லியம் கிளே ஃபோர்டு 1960களில் அணியை வாங்கினார், 2014இல் இறக்கும்வரை அவரே உரிமையாளர். சாண்டர்ஸ் ஆடிய பத்து வருஷத்தில் ஐந்து தடவை, சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃப் சுற்றுக்குப் போனார்கள். மொத்தம் ஆறு ஆட்டம், ஒரே வெற்றி. அந்த ஒன்று 1992 ஜனவரி 5, பாண்டியாக் சில்வர்டோமில் டல்லாஸுக்கு எதிராக, 38-6. சாண்டர்ஸ் அதில் 47 யார்டு ஓட்டம் ஒன்று ஓடி டச்டவுன் எடுத்தார். அடுத்த வாரம் வாஷிங்டன் அவர்களை 41-10 என்று நசுக்கியது. அந்த டல்லாஸ் வெற்றிக்குப் பிறகு லயன்ஸ் மறுபடி ஒரு ப்ளேஆஃப் ஆட்டம் ஜெயித்தது எப்போது தெரியுமா? 2024 ஜனவரியில். 1957க்கும் அதற்கும் நடுவே இருந்த ஒரே வெற்றி சாண்டர்ஸ் ஆடியது.

1991 அணி நன்றாகவே இருந்தது, 12 வெற்றி 4 தோல்வி. ஆனால் அதே வருஷம் நவம்பரில் அவர்களுடைய லைன்மேன் மைக் அட்லி களத்தில் கழுத்தெலும்பு முறிந்து நிரந்தரமாக இயக்கம் இழந்தார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த ஜூனில், இன்னொரு லைன்மேன் எரிக் ஆண்டால்செக், லூசியானாவில் தன் வீட்டு முற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாலையை விட்டு விலகி வந்த லாரி மோதி இறந்தார். சாண்டர்ஸுக்கு வழி திறந்துவிட்ட ஐந்து பேரில் இரண்டு பேர் ஏழு மாதத்தில் போய்விட்டார்கள். அந்த ஓட்டையை நிர்வாகம் சரியாக அடைக்கவே இல்லை.

அதோடு நிற்கவில்லை. இருந்த நல்லவர்களையும் ஒவ்வொருவராக விட்டார்கள். தற்காப்பின் தலைவராக இருந்த கிறிஸ் ஸ்பீல்மன் பஃபலோவுக்குப் போனார். இடதுபக்க லைன்மேன் லோமஸ் பிரவுன் அரிசோனாவுக்கு. நடுவே நின்று பந்தைக் கொடுக்கும் சென்டர் கெவின் க்ளோவர், சாண்டர்ஸுக்கு மிக நெருங்கிய நண்பர், 1997 முடிந்ததும் சியாட்டிலுக்கு. ஒரு நல்ல குவார்ட்டர்பேக் நிலையாக அமையவும் இல்லை. எதிரணி முழுவதும் சாண்டர்ஸ் ஒருவரையே குறிவைத்து நின்றது. 1994 இறுதியில் கிரீன் பேயில் நடந்த ப்ளேஆஃப் ஆட்டத்தில் அவர் 13 தடவை ஓடி எடுத்த மொத்தம் மைனஸ் ஒரு யார்டு. அந்த வருஷம் 1,883 யார்டு ஓடி லீகிலேயே முதலிடத்தில் இருந்தவர் அவர்! முன்னால் நிற்பவர்கள் தோற்றால் ரன்னிங் பேக் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் கையாலாகாதவர் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

1997 அவருடைய உச்சம். முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்த்தே 53 யார்டுதான். சாண்டர்ஸ் முடிந்துவிட்டார் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்புறம் தொடர்ச்சியாக 14 ஆட்டங்களில் நூறு யார்டுக்கு மேல் ஓடினார். டாம்பா பேயின் பலமான தற்காப்பை அவர்கள் ஊரிலேயே பிளந்து ஒன்று 80, இன்னொன்று 82 யார்டு என்று ஒரே நாளில் இரண்டு டச்டவுன். வருஷக் கணக்கு 2,053 யார்டு. அதுவரை ஓ.ஜே. சிம்ப்சனும் எரிக் டிக்கர்சனும் மட்டுமே இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை கிரீன் பேயின் ப்ரெட் ஃபாவ்ரோடு பகிர்ந்துகொண்டார்.

ஆனால் இரண்டாயிரத்தைத் தொட்ட அந்தக் கடைசி ஆட்டத்தில்தான், நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக, அணியின் இளம் தற்காப்பு வீரர் ரெஜி பிரவுன் தண்டுவடத்தில் அடிபட்டு மூச்சு நின்று களத்தில் கிடந்தார். மருத்துவர்கள் அங்கேயே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். பிரவுன் பின்னர் எழுந்து நடந்தார், ஆனால் ஆட்டம் அதோடு முடிந்தது. ஒரே அணியில் ஆறு வருஷ இடைவெளியில் இப்படி இரண்டு பேர். இதைப் பார்த்தவர் மனதில் என்ன ஓடியது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அந்த 2,053ஐப் பற்றிப் பேசும் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அந்த வருஷம்தான் அவருக்கு ஆறு வருஷத்துக்கு சுமார் 34.5 மில்லியன் டாலர் மதிப்பில் புது ஒப்பந்தம், அதில் 11 மில்லியன் கையெழுத்துத் தொகை. ஆகவே குறைந்த சம்பளம் என்று கோபித்துக்கொண்டு போனார் என்பது பொருந்தாது. அப்போது ரன்னிங் பேக்குகளில் உச்ச சம்பளக்காரர்களில் அவர் ஒருவர்.

1998இல் அணி 5 ஜெயித்து 11 தோற்றது. சாண்டர்ஸ் 1,491 யார்டு. 1,500ஐத் தொட ஒன்பது யார்டு குறைவு. அதற்கு முந்தைய நான்கு வருஷமும் 1,500 அல்லது அதற்கு மேல். பால்டிமோரில் நடந்த கடைசி ஆட்டத்தில் 19 தடவை ஓடி 41 யார்டு எடுத்தார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கோடை முழுவதும் பயிற்சியாளர் பாபி ராஸ் அழைத்தார், கடிதம் எழுதினார். பதில் இல்லை. 1999 ஜூலை கடைசியில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஃபேக்ஸில் ஓர் அறிக்கை போனது. ஆடுவதைவிட விலகுவதற்கான ஆசையே தனக்கு அதிகமாக இருக்கிறது என்பது அதன் சாரம். செய்தி வெடித்தபோது அவர் லண்டனுக்குப் போய்விட்டார்.

அறிக்கையில் காரணத்தை அவர் விவரிக்கவில்லை. சில வருஷம் கழித்து வந்த தன் நினைவுக் குறிப்பில் வெளிப்படையாகவே எழுதினார்: தோற்றுத் தோற்றுச் சலித்துவிட்டது, நல்ல ஆட்டக்காரர்களை நிர்வாகம் வரிசையாக வெளியே அனுப்பியது, ஜெயிக்க வேண்டும் என்ற முனைப்பை அவர்களிடம் காணவில்லை. ராஸின் கெடுபிடி ராணுவ பாணியிலானது, அது பிடிக்காமல்தான் போனார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ராஸின் கெடுபிடியைவிட க்ளோவரின் வெளியேற்றமே சாண்டர்ஸை அதிகம் பாதித்தது என்றே நான் நினைக்கிறேன். ராஸ் ஒரு முகம், பிரச்சினை அவருக்குப் பல வருஷம் முந்தியது.

அப்படியானால் வேறு அணிக்குப் போயிருக்கலாமே? போக வழியில்லை. ஒப்பந்தம் லயன்ஸ் கையில். அவரை விடுவித்தாலோ மாற்றிக் கொடுத்தாலோ திரும்ப வரத் தயார் என்று அவருடைய முகவர்கள் பேசிப் பார்த்தார்கள். நிர்வாகம் மறுத்தது. மறுத்ததோடு, 11 மில்லியன் கையெழுத்துத் தொகையில் அவர் ஆடாத வருஷங்களுக்கான பங்கைத் திருப்பிக் கேட்டது. வழக்கு நடுவரிடம் போய், முதல் தவணையாக 1.8 மில்லியன் டாலருக்குச் சற்று அதிகம் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. சட்டப்படி அணி செய்தது சரி. ஆனால் பத்து வருஷம் அந்த அணியைத் தனி ஆளாகச் சுமந்தவரிடம் அப்படி நடந்துகொண்டது, அவர் சொன்ன குறையை நிரூபிக்கத்தான் உதவியது. 2016இல் இதே அணியில் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவராக இருந்த கால்வின் ஜான்சன் 30 வயதில் விலகியபோதும் கையெழுத்துத் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கினார்கள். பதினேழு வருஷத்தில் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

என் பதிலுக்கு எதிரான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும், அதை மறைப்பது நியாயமில்லை. சாண்டர்ஸ் போன பிறகு 1999 லயன்ஸ் நொறுங்கவில்லை. முதல் எட்டு ஆட்டத்தில் ஆறு ஜெயித்தார்கள், 8 வெற்றி 8 தோல்வி என்று முடித்து ப்ளேஆஃபுக்கே போனார்கள். அப்படியானால் அணி அவ்வளவு மோசமில்லையே, அவர் அவசரப்பட்டுவிட்டார் என்று வாதிடலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ப்ளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் தோற்று வந்தார்கள், 2001இல் 2-14, 2008இல் பதினாறு ஆட்டத்தையும் தோற்ற முதல் அணி. அவர் பார்த்தது அடுத்த ஒரு வருஷத்தை அல்ல, அந்த நிர்வாகத்தின் போக்கை. அதில் அவர் கணிப்பு துல்லியமாக இருந்தது.

இனி அந்த 1,457. சாதனை வைத்திருந்தவர் சிகாகோவின் வால்டர் பேட்டன், 13 வருஷத்தில் 16,726 யார்டு. சாண்டர்ஸ் 10 வருஷத்தில் 15,269. ஓட்டத்துக்குச் சராசரி 5.0, மூவாயிரம் தடவைக்கு மேல் ஓடியவருக்கு இது நம்ப முடியாத எண். வருஷத்துக்குச் சராசரி 1,527. அதாவது இன்னும் ஒரே ஒரு வருஷம் வழக்கம்போல ஆடியிருந்தால் போதும். பேட்டன் அதே 1999 நவம்பர் முதல் தேதி கல்லீரல் நோயால் இறந்தார். கடைசியில் அவர் சாதனையை 2002 அக்டோபரில் தாண்டியவர் டல்லாஸின் எம்மிட் ஸ்மித். சாண்டர்ஸ் விலகியபோது ஸ்மித் அவருக்கு 2,703 யார்டு பின்னால் இருந்தார், வயதில் பத்து மாதம் இளையவர்.

ஸ்மித் 15 வருஷம் ஆடினார். 18,355 யார்டு என்ற அவருடைய மொத்தம் இன்றும் நிற்கிறது. அவர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் 15 வருஷம் நிலைத்தது தனியான ஒரு திறமை. ஆனால் அதன் கடைசிப் பகுதி அரிசோனாவில் கழிந்தது. 2003இல் அவர் எடுத்தது 256 யார்டு, ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட இல்லை. சாண்டர்ஸ் அந்த வழியில் போகவே இல்லை. அவர் அப்பாவின் நாயகன் ஜிம் பிரவுன் போன வழி வேறு: 1966இல், 30 வயதில், இங்கிலாந்தில் ஒரு படப்பிடிப்பில் இருந்தபோது, ஒன்பது வருஷம் 12,312 யார்டோடு விலகினார். அணி உரிமையாளர் அபராதம் போடுவேன் என்றபோது அதுவே அவருக்குப் போதுமான காரணமாகிவிட்டது. இருவர் கதையிலும் லண்டன் வருவது தற்செயல், ஆனால் உச்சத்தில் இருந்தபோதே எழுந்து போகலாம் என்று மகனுக்குத் தெரிந்திருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

உடம்பைப் பற்றிய கேள்விக்கு: அவர் பயந்து போனதாக எங்கும் சொன்னதில்லை. முழங்காலில் அடிபட்டு 1993இல் ஐந்து ஆட்டம் தவறவிட்டதைத் தவிர்த்தால் ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் ஆடினார், 153 ஆட்டம். நேராக மோதாமல் நழுவும் பாணி அவரைக் காப்பாற்றியது. மற்றவர்கள் கதி வேறு. ஹூஸ்டனின் எர்ல் கேம்ப்பெல் எதிரே நிற்பவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். எட்டு வருஷத்தில் முடிந்தது, பிற்காலத்தில் நடப்பதற்கே சிரமப்பட்டார். டென்வரின் டெரல் டேவிஸ் 1998இல் 2,008 யார்டு ஓடிய மறு வருஷமே முழங்கால் போய், மொத்தம் 78 ஆட்டத்தோடு நின்றார். சாண்டர்ஸ் நல்ல கால்களோடு நடந்து வெளியே போனார். அது அவர் விலகியதற்குக் காரணம் அல்ல, விலகியதால் கிடைத்தது.

வருத்தம் இருந்ததா என்றால், சாதனையைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாக நான் பார்த்ததில்லை. ரசிகர்களிடம் நேரில் சொல்லாமல் ஃபேக்ஸில் விடைபெற்றது சரியில்லை என்று டெட்ராய்ட்டில் பலர் பல வருஷம் மனத்தாங்கலோடு இருந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. அந்த நகரத்துக்கு அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்தான். 2004இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது மேடையில் அவரை அறிமுகப்படுத்தியவர் அப்பா வில்லியம். அதே வருஷம் லயன்ஸ் 20ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. நிர்வாகத்தோடு உறவும் மெல்லச் சீரானது. 2023 செப்டம்பரில் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்துக்கு வெளியே எட்டடி உயர வெண்கலச் சிலை திறந்தார்கள். சில மாதத்தில் அணி அந்த ப்ளேஆஃப் வெற்றியையும் பெற்றது. எல்லாக் கால ஓட்டப் பட்டியலில் அவர் இப்போது நான்காவது. ஸ்மித், பேட்டன், சரியாக 16,000 யார்டோடு ஃப்ராங்க் கோர், அதற்கடுத்து அவர்.

அவர் ஆடிப் பார்க்காதவர்கள் பழைய பதிவுகளில் தேட வேண்டியவை: 1997 அக்டோபர் டாம்பா பே ஆட்டம், 1994 நியூ இங்கிலாந்து ஆட்டம், 1992 ஜனவரி டல்லாஸ் ப்ளேஆஃப். இவற்றோடு மைனஸ் ஒரு யார்டு எடுத்த அந்த கிரீன் பே ஆட்டத்தையும் கட்டாயம் பாருங்கள். தொகுப்பு வீடியோக்களில் அது வராது. பந்து அவர் கைக்கு வருவதற்கு முன்பே எத்தனை பச்சைச் சட்டைகள் உள்ளே புகுந்துவிட்டன என்று ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாருங்கள். அவர் ஏன் போனார் என்பதற்கு நான் மேலே எழுதியதைவிட அது நன்றாகப் பதில் சொல்லும்.